நாட்டாமையும் நாட்டாமியும்: கொழும்புத் தமிழ் ராப்பில் இரட்டுறமொழிதல்

தமிழ் ராப்பில் வரும் சொல் விளையாட்டைக் காளமேகப் புலவரின் சிலேடையோடு உறவுபடுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. பதினைந்தாம் நூற்றாண்டின் காளமேகம் ஆசுகவி; கொடுத்த பொருளுக்கு நின்ற நிலையிலேயே வெண்பாக் கட்டியவர். தாளம் ஓட ஓட, முன்கூட்டி எழுதாமல் வரி தொடுக்கும் இன்றைய ராப் கலைஞரிடம் இருப்பதும் அந்த ஆற்றல்தான். ஆனால் இரண்டாம் பொருள் எங்கே பிறக்கிறது, யார் காதில் நிறைவடைகிறது என்று கேட்டால் இருவரும் வெவ்வேறு வழியில் போகிறார்கள். கொழும்பின் தமிழ்ப் பாட்டை விளங்கிக்கொள்ள அந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

தண்டியலங்காரம் சிலேடையைப் பொருளணியில் வைக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை; வேறு வேறாகப் பிரித்துப் பொருள் கொள்வது பிரிமொழிச் சிலேடை. எப்படிப் பிரித்தாலும் எழுத்து மாறாது. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கும்போது, இன்ன இரண்டைத்தான் பாடுகிறேன் என்பதையும் புலவர் மறைப்பதில்லை. கேட்கும் அவைக்கு இரு பொருளும் தெரியும். அவை வியப்பது பொருத்தத்தை.

ராப் இந்த இரு விதிகளையும் மீறுகிறது. ராப் கலைஞர் அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஓஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பின் தலைப்பையே பாருங்கள். திருக்குறளிலிருந்து மூன்று எழுத்துகள் மாறியிருக்கின்றன: தி, ற, ள். இலக்கணக்காரர் இதைச் சிலேடை என்று ஏற்கமாட்டார். காதோ ஏற்கிறது. தெருவில் நிற்பவரின் குரலும் அறநூலின் அதிகாரமும் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. இரண்டு பொருள் என்று பாடகர் அறிவிக்கவும் இல்லை. கண்டுபிடிக்கும் வேலை கேட்பவருடையது.

கொழும்பில் கேட்பவர் ஒரே மொழிக்காரர் அல்லர். களனி கங்கைக்கு வடக்கே உள்ள பேலியகொடையை எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டை சென் ஜோன்ஸ் மீன் சந்தை இங்கே இடம் மாறி வந்தது. 2020இல் மெனிங் சந்தையின் மரக்கறி மொத்த வியாபாரமும் வந்து சேர்ந்தது. விலை பேசுவது சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி நடக்கும். இத்தகைய சந்தையில் தமிழில் ‘மல்லி’ என்றால் கொத்தமல்லி. அதே ‘மல்லி’ சிங்களத்தில் தம்பி. எழுத்தும் ஒலியும் மாறாத செம்மொழிச் சிலேடை இது. ஆனால் தண்டியலங்காரம் நினைத்துப் பார்த்திராத வகை: ஒரு பொருள் ஒரு மொழியிலும் மற்றது அயல்மொழியிலும் இருக்கிறது.

இதைவிட ஆழமானது ‘நாட்டாமை’. தமிழ்நாட்டில் நாட்டாமை ஊர்த்தலைவர், தீர்ப்புச் சொல்பவர்; 1994இல் அதே பெயரில் வந்த திரைப்படம் அந்தப் படிமத்தை நம்மூர் வரை கொண்டுவந்தது. கொழும்புச் சந்தைகளிலோ நாட்டாமி என்பவர் மூட்டை சுமக்கும் தொழிலாளி. சிங்களவரும் அப்படியே அழைப்பார்கள். ஓர் இளைஞர் மேடையேறி, இந்தத் தெருவுக்கு நான்தான் நாட்டாமை என்று பாடுவதாக வைத்துக்கொள்வோம். தற்புகழ்ச்சி ஹிப்ஹொப்பின் அடிப்படை மரபு. சினிமா பார்த்து வளர்ந்தவர் காதில் விழுவது அதிகாரம். பேலியகொடையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர் காதில் விழுவது சுமை. இரண்டும் தெரிந்தவருக்கு மூன்றாவது ஒன்று கிடைக்கிறது: சுமப்பவனே தலைவன் என்ற உரிமைக் கோரல். வெண்பாச் சிலேடையில் இரு பொருளும் அருகருகே நிற்கும். இங்கே ஒன்று மற்றதை எதிர்த்துப் பேசுகிறது. கறுப்பின அமெரிக்கரின் மறைமுகப் பேச்சு மரபை 1988இல் கோட்பாடாக வகுத்த இலக்கியத் திறனாய்வாளர் ஹென்றி லூயிஸ் கேட்ஸின் நூல் நமக்கு உதவுவதும் இந்த இடத்தில்தான்.

கொழும்பில் இருமொழிப் பாட்டு புதிதல்ல என்று ஒருவர் மறுக்கலாம். பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ மீனைப் பற்றிச் சிங்களத்திலும் தமிழிலும் பாடியது. சிங்கள இசைக் கலைஞர் இராஜுடன் தமிழ் ராப் கலைஞர் கிரிஷான் மகேசன் சேர்ந்த ‘ஜே டவுன் ஸ்டோரி’ அந்தக் கூட்டை ராப்புக்குக் கொண்டுவந்தது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரு மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வேறு, ஒரே ஒலிக்குள் வைப்பது வேறு. முன்னதில் ஒவ்வொருவருக்கும் தம் பங்கு கிடைக்கும். பின்னதில் பக்கத்து வீட்டாரின் மொழி தெரியாதவர் பாதிப் பாட்டை இழக்கிறார்.

இந்த மறைப்புக்குக் காரணம் வெறும் கெட்டித்தனம் அல்ல. போர்க்காலத்தில், 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பேருந்தில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. சோதனைச் சாவடியில் வாய் திறக்கும் முன் எந்த மொழியில் பேசுவது என்று யோசித்த தலைமுறைக்கு, ஒரு சொல்லைச் சிலருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது பிழைக்கும் வழியாகவும் இருந்தது. லண்டன் ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் சூடிய எம்.ஐ.ஏ. என்ற பெயரையும் இந்த வரிசையில் வைக்கலாம். களத்தில் காணாமற்போனவர் என்பது ஒரு விரிவு. அவர் வாழ்ந்த மேற்கு லண்டன் அக்டனில் காணாமற்போனவர் என்பது இன்னொன்று. லண்டன் ரசிகர் இரண்டாவதற்குச் சிரிப்பார். மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரம் அமர்ந்திருக்கும் வவுனியாத் தாயிடம் முதலாவது மட்டுமே போய்ச் சேரும்.

ஆகவே பாட்டு வரிகளைத் தொகுத்து அச்சிடுவோர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நாட்டாமை என்று அச்சேற்றினால் தொழிலாளி மறைகிறார். நாட்டாமி என்றால் தலைவர் மறைகிறார். புள்ளியில்லாத ஏட்டுச் சுவடிகளோடு போராடிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்களின் காலத்திலிருந்து நமக்குப் பாடபேதம் குறிக்கும் பழக்கம் இருக்கிறது. அங்கே அது ஐயத்தைத் தீர்க்கப் பயன்பட்டது. ராப் வரிகளுக்கு இரண்டு பாடங்களையும் மூலமாகவே அச்சிட்டு, எந்த வட்டாரத்தில் எது கேட்டது என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்.