ஒரு கனஅடியின் வழி

ஆடி வெள்ளம் வரும் நாட்களில் மேட்டூர்ச் செய்தி இரண்டு கணக்காக வரும். நீர்மின் நிலையங்கள் வழியாக இத்தனை ஆயிரம் கனஅடி, 16 கண் மதகு வழியாக இத்தனை. முதல் கணக்கில் சேர்ந்த ஒரே ஒரு கனஅடியைப் பிடித்துக்கொண்டு கீழே வருவோம். 28 லிட்டர் சொச்சம். ஏறக்குறைய இரண்டு குடம்.

அது கிளம்பும் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. நீளம் 5,300 அடி, முழு நீர்மட்டம் 120 அடி. வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுதான், 1924 ஜூலையில், காவிரி தன் பெருவெள்ளத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. இங்கே உபரிநீர் பெருஞ்சுவரின் தலைமேல் வழிவதில்லை. அதற்கென்று தள்ளி அமைத்த 16 கண்கள் வழியாகத்தான் வெளியேறும். தலைமைப் பொறியாளர் எல்லிஸின் பெயர் இன்னும் அந்தப் போக்கிக்கு இருக்கிறது. அணைக்கு வயதாகிவிட்டதே என்று சுவரைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். என்னைக் கேட்டால், முதலில் குனிந்து பார்க்க வேண்டியது கதவுகளையும், தண்ணீர் விழுந்து அரிக்கும் அடித்தரையையும்.

நம் கனஅடி மதகுப் பக்கம் போகவில்லை. அணையடி மின்நிலையத்தின் குழாயில் இறங்குகிறது. 1937-ல் ஓடத் தொடங்கிய நிலையம். இப்போதைய திறன் 50 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தில் 600 மெகாவாட் அலகுகள் இருக்கும் காலத்தில் இது சின்னதுதான். நூறடி உயரத்திலிருந்து விழும் ஒரு கனஅடி, 9 வாட் பல்பு ஒன்றை 13 நிமிடம் எரிய வைக்கும். அவ்வளவே. ஆனால் வேலை முடித்த தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் ஆற்றுக்கே வந்துவிடுகிறது.

வந்ததைச் சும்மா விடுவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று பாசூர் வரை ஏழு கதவணைகள், தலைக்கு 30 மெகாவாட். வெள்ளம் மிஞ்சினால் கதவுகளை எல்லாம் தூக்கிவிடுவார்கள். மேல்மட்டமும் கீழ்மட்டமும் ஒன்றாகிவிட, டர்பைனைச் சுற்ற வைக்கும் உயரமே இருக்காது. ஆறு நிறைய தண்ணீர் ஓடும்போது மின் உற்பத்தி நின்றுபோகும். வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

அடுத்து முக்கொம்பு. கால்வாய்களுக்குப் போக மிஞ்சியது கொள்ளிடத்தில் திரும்பும் இடம். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22 இரவு அடித்துக்கொண்டு போயின. ஆற்று மணலை அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குற்றம்சாட்டினார்கள். புதுக் கதவணை கட்டியாகிவிட்டது. 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டமோ 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும்தான் தன் வரம்பில் வைத்திருக்கிறது. உயரத்தை அளந்து ஆபத்தை முடிவு செய்தால் மேலணை போன்ற குட்டையான கிழங்கள் கணக்கில் வராமலே போகும்.

கொள்ளிடம் வழியே கிழக்கே வந்தால் அணைக்கரை. இதுவும் 1836-ன் காட்டன் வேலைதான், பெயர் கீழணை. கதவுகளை இறக்கினால் ஒரு பங்கு வடவாற்றில் திரும்பி வீராணம் போய், அங்கிருந்து சென்னைக் குழாய்வரை போகும். ஏற்றினால் நேரே கடல். நம் கனஅடி எந்தப் பக்கம் போகும் என்பது அன்றைய வெள்ளத்தைப் பொறுத்தது.

ஒரு பக்கம் மட்டும் அது போகாது. அணைக்கரைக்கு வடக்கே, மீன்சுருட்டியைத் தாண்டி நிலம் மேடேறி, ஆண்டிமடம் வட்டாரத்துச் செம்மண்ணும் முந்திரிக் காடுமாக விரிகிறது. அந்த மேட்டில்தான் வரதராஜன்பேட்டை. காவிரித் தண்ணீர் இங்கே ஏறாது. கம்பியில் வரும் கரண்ட் ஏறும். அதில் எது மேட்டூருடையது, எது நெய்வேலியுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மும்முனை மின்சாரம் வந்ததும் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஓடி, மண்ணுக்கு அடியில் கிடக்கும் வேறொரு தண்ணீரை மேலே இழுக்கிறது.