சேர்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஆட்சிக்குழு: கல்விக் கண்காணிப்பின் வளர்ச்சி

முன்னுரை

சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில், கருப்பூரை ஒட்டிச் சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது பெரியார் பல்கலைக்கழகம். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் மலையாளிப் பழங்குடி மாணவருக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகம் இதுவே. அதன் ஆட்சிக்குழு ஆசிரியரையும் மாணவரையும் எவற்றைக் கொண்டு மதிப்பிடுகிறது, அந்த அளவுகோல்கள் எப்படி உருவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விடைத்தாளிலிருந்து கல்லூரிக்கு

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை; தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. வட்டுக்கோட்டையில் பயின்ற சி.வை. தாமோதரம் பிள்ளை அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். அவருக்குக் கற்பித்தவர் யார், எப்படிக் கற்பித்தார் என்பது பல்கலைக்கழகத்தின் கவலையாக இருக்கவில்லை. விடைத்தாள் ஒன்றே சான்று.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் இந்நிலையை மாற்றியது. சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழு சட்டப்படியான அமைப்பானது. இணைவு கோரும் கல்லூரி தன் ஆசிரியர் தகுதி, கட்டடம், நூலகம், நிதிநிலை ஆகியவற்றைக் காட்ட வேண்டியதாயிற்று. கல்லூரிகளை நேரில் ஆய்வு செய்யவும் வழி பிறந்தது. 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் கல்விப் பேரவையை உருவாக்கிப் பாடத்திட்டப் பொறுப்பை அதற்குத் தந்தது. நிர்வாகம் சிண்டிகேட்டிடம் நின்றது.

1997க்குப் பின்

சேலம் வட்டாரக் கல்லூரிகள் 1997வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆளுகையில் இருந்தன. அவ்வாண்டில் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்ததும் முடிவெடுக்கும் இடம் மலையடிவாரத்துக்கே வந்தது. துணைவேந்தர் தலைமையிலான ஆட்சிக்குழுவில் உயர்கல்வித்துறைச் செயலர் போன்ற அரசு அதிகாரிகளும் ஆசிரியர் பிரதிநிதிகளும் இடம்பெறுகின்றனர். ஆசிரியர் நியமனம், ஒழுங்கு நடவடிக்கை, கல்லூரி இணைவு, தேர்வு முடிவு ஆகியவை இக்குழுவின் அதிகார எல்லைக்குள் வருகின்றன.

வருகையை எண்ணும் அளவுகோல்

ஆசிரியர் மதிப்பீட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளே வழிகாட்டி. 2010 விதிகள் கற்பித்தலுக்கு ஆண்டுக்கு 125 புள்ளிகள்வரை தந்து, குறைந்தது 75 வேண்டும் என்றன. 2018 விதிகள் அதை எளிமையாக்கின: ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடு எடுத்தால் ‘நன்று’, 70க்குக் கீழ் என்றால் ‘நிறைவில்லை’. மாணவருக்கோ தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். இரு தரப்பிலும் எண்ணப்படுவது வருகைதான். வகுப்பில் மாணவர் என்ன கற்றார் என்பதை இந்த எண்கள் சொல்லா.

எண்ணிக்கையில் அகப்படாத இன்னொன்று வினாத்தாளின் தரம். 2022 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்ட வினா பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. வினாத்தாளை வெளிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தயாரித்ததாக விளக்கம் தரப்பட்டது. வினாத்தாளின் ரகசியம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் அதன் தரத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விக்கு ரகசியம் பதிலாகாது.

முடிவுரை

விடைத்தாள், கல்லூரி ஆய்வு, ஆசிரியர் புள்ளி எனக் கண்காணிப்பு படிப்படியாக விரிந்தது; பதிவேடுகள் பெருகின. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலை எஞ்சியிருக்கிறது. ஏற்காட்டில் காப்பி அறுவடை தொடங்கும் நவம்பரை ஒட்டியே பருவத் தேர்வும் வருகிறது. தோட்டக் கூலியை நம்பிய வீட்டுப் பிள்ளையின் வருகை குறைந்தால், அது சோம்பலா வறுமையா என்பதை விழுக்காட்டுக் கணக்கு பிரித்துக் காட்டாது. ஆகவே வருகை, அரியர், இடைநிற்றல் ஆகிய மூன்றையும் கல்லூரிவாரியாகவும் மலைப்பகுதி மாணவர்க்குத் தனியாகவும் தொகுத்து, ஆட்சிக்குழு ஒவ்வொரு பருவத்திலும் விவாதிக்க வேண்டும். அதன் முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். ஆசிரியரையும் மாணவரையும் கணக்குக் கேட்கும் குழு, தானும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது.