மவுண்ட் ரோடு கர்னலும் மோதி பாக் சுவர்களும்

தில்லி மோதி பாக்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று நடக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், 1961-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி. கல்லூரியை ஒட்டிய சத்ய நிகேதனின் மாடி அறைகளில் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம், அருணாசலம் என்று வடகிழக்கிலிருந்து வந்த மாணவர்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மெட்ரோ நிலையத்தின் பெயரிலும் மைசூர்ப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா இருக்கிறார். வெளியூர்க்காரர்கள் வந்து சேர்ந்து உருவான வட்டாரம் இது. இங்குள்ள ஒரு பொதுச் சுவரில் இனப் பாகுபாட்டுக்கு எதிராக ஓர் ஓவியம் வரைய வேண்டுமானால் யாரிடம் கேட்க வேண்டும்? யார் மறுப்பார்கள்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் நீண்ட முன்கதை உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் நடந்த இடம் சென்னை.

1860-களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் கடைக்கு எதிரே, கர்னல் ஜேம்ஸ் நீலின் வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. சென்னைப் படைப் பிரிவைக் கூட்டிக்கொண்டு 1857 கிளர்ச்சியை ஒடுக்க வடக்கே போனவர் நீல். அலகாபாத்தில் அவர் படை ஊர்களைக் கொளுத்தியது. விசாரணை என்ற பெயர்கூட இல்லாமல் ஆட்களைத் தூக்கிலிட்டது. கான்பூரில் பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டில், பிடிபட்டவர்களைத் தரையிலிருந்த இரத்தத்தைச் சுத்தம் செய்ய வைத்து, மறுத்தவர்களைச் சவுக்கால் அடித்து, பிறகு தூக்கிலேற்றச் சொன்னார். இரத்தத்தைத் தொடுவது அவர்கள் சமயத்தில் தீட்டு என்று தெரிந்தே பிறப்பித்த கட்டளை அது. உயிரை எடுப்பதற்கு முன் மானத்தையும் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம். அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டு அவர் இறந்தார். கிளர்ச்சியை முதலில் தடுத்து நிறுத்திய வீரர் என்று சிலையின் பீடம் அவரைப் புகழ்ந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்காரர்கள் அந்தச் சிலையைக் கடந்து நடந்தார்கள். 1927-இல் பொறுமை தீர்ந்தது. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்று நடத்திய போராட்டத்தில் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகச் சிலை மீது ஏறிக் கைதானார்கள். பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துவந்தார். தாயும் மகளும் சிறை சென்றார்கள். காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்துத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். சிலை அகற்றப்பட வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை; போராட்டத்தில் வன்முறை கலக்கக் கூடாது என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை. இளைஞர் காமராஜ் போராட்டத்தைத் தொடர்ந்து நடத்த அவரிடம் ஒப்புதல் வாங்கினார். அதற்குள் சைமன் குழு வந்துவிட, நாட்டின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது.

அரசு அசையவில்லை. சிலை அசைய இன்னும் பத்தாண்டு ஆயிற்று. 1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்ற பிறகு, சென்னை மாநகராட்சி சிலையை அகற்றத் தீர்மானம் நிறைவேற்றியது. நீல் சாலையை விட்டு இறங்கினார். பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தார். சுத்தியலால் முடியாததை ஒரு மன்றத் தீர்மானம் முடித்தது என்று இதைச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். சுத்தியலோடு சிறை போனவர்கள் இல்லையென்றால் அந்தத் தீர்மானத்துக்கு யாரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள்.

தலைநகரம் இதே சிக்கலை வேறு வேறு வழிகளில் தீர்த்தது. 1857-இல் தில்லியைத் தாக்கிய படையை நடத்திய ஜான் நிக்கல்சனுக்குக் காஷ்மீரி கேட் அருகே சிலை இருந்தது. விடுதலைக்குப் பிறகு அது கப்பலேறி வட அயர்லாந்துக்குப் போய், அவர் படித்த பள்ளியில் நிற்கிறது. இந்தியா கேட் அருகே கல் மண்டபத்துக்குள் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் 1968 வரை இடத்தை விடவில்லை. பிறகு நகரின் வடக்கே முடிசூட்டுப் பூங்காவுக்குப் பெயர்ந்தார். காலியான மண்டபத்தில் 2022-இல்தான் நேதாஜியின் சிலை வந்தது.

இவற்றில் மிக நேர்த்தியான வேலை தில்லி ரிட்ஜ் குன்றின் மேல் இருக்கிறது. கிளர்ச்சியை அடக்கும்போது மாண்ட பிரிட்டிஷ் படையினருக்காக 1863-இல் கட்டிய கோபுரம் அது. எதிர்த்துப் போரிட்டவர்களை அதன் பழைய கல்வெட்டு எதிரிகள் என்றே குறிக்கிறது. சுதந்திரத்தின் வெள்ளி விழா ஆண்டான 1972-இல் கோபுரத்துக்கு அஜீத்கட் என்று பெயர் சூட்டினார்கள். பழைய கல்வெட்டை யாரும் கொத்தி எடுக்கவில்லை. அங்கே எதிரி என்று சொல்லப்பட்டவர்கள் நாட்டின் விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்கள் என்று அறிவிக்கும் புதிய பலகையை அதனருகே பதித்தார்கள். அவமதித்த வாசகமும் அதற்கான மறுமொழியும் ஒரே இடத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

ஓவியத்துக்கு வந்தால், அண்மைக் காலத்தின் பெரிய சண்டைகள் அமெரிக்காவில் நடந்தன. 2020 ஜூன் 5-இல் வாஷிங்டன் மேயர் வெள்ளை மாளிகைக்குச் செல்லும் தெருவிலேயே, கறுப்பர் உயிர்களும் முக்கியம் என்ற முழக்கத்தை மஞ்சள் எழுத்துகளில் தீட்டச் செய்தார். 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் நிதியை நிறுத்திவிடும் என்ற நெருக்கடியில் அதே மாநகர நிர்வாகம் அதைப் பெயர்த்தெடுத்தது. டல்சா நகரில், 1921-இல் கறுப்பர்கள் கொன்று குவிக்கப்பட்ட கிரீன்வுட் பகுதியின் தெருவில் அனுமதியின்றித் தீட்டப்பட்ட அதே முழக்கம் சில மாதமே நீடித்தது. ஒரு கருத்தை அனுமதித்தால் எல்லாக் கருத்தையும் அனுமதிக்க வேண்டிவரும் என்று நகராட்சியின் சட்ட ஆலோசனை சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தெருவின் மண்ணில் நடந்தது மற்றக் கருத்துகளோடு வரிசையில் நிற்கும் இன்னொரு கருத்தல்ல.

மோதி பாக்கின் அக்கம்பக்கத்திலும் அப்படிச் சில உண்மைகள் உண்டு. 2007-இல் தில்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. எப்படி உடுத்துவது என்றும், அக்கம்பக்கத்தாருக்கு நாற்றமடிக்கும் மூங்கில் குருத்து போன்றவற்றைச் சமைக்க வேண்டாம் என்றும் அது அறிவுரை கூறியது. கேலி செய்பவனுக்கு எந்த அறிவுரையும் இல்லை. 2014 ஜனவரியில் லாஜ்பத் நகர்க் கடைத்தெருவில் அருணாசல மாணவர் நிடோ டானியா, தலைமுடியைக் கேலி செய்தவர்களோடு மூண்ட தகராறில் அடிபட்டு இறந்தார். எம். பி. பெஸ்பரூவா தலைமையில் குழு அமைந்தது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகள் வேண்டும் என்று அந்த ஆண்டே அது பரிந்துரைத்தது. அந்தப் பிரிவுகள் இன்னும் சட்டமாகவில்லை.

இன்று ஒருவர் மோதி பாக்கில் அப்படியொரு ஓவியம் தீட்ட நினைத்தால், 2007-ஆம் ஆண்டின் தில்லி சொத்து உருக்குலைவுத் தடுப்புச் சட்டம் முதலில் குறுக்கே வரும். உரிமையாளரின் அனுமதியின்றிச் சுவரில் எழுதினால் ஓராண்டு வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. அரசு ஊழியர் குடியிருப்புச் சுவர் மத்தியப் பொதுப்பணித் துறையின் கையில்; தெருவோரச் சுவர் மாநகராட்சியின் கையில்; மெட்ரோ தூண் மெட்ரோ நிறுவனத்தின் கையில். லோதி காலனியின் குடியிருப்புச் சுவர்களில் கடந்த பத்தாண்டாக ஓவியங்கள் பெருகியிருப்பதால், அனுமதி கிடைக்காத ஒன்றல்ல என்று தெரிகிறது. மயிலுக்கும் மரத்துக்கும் எளிதாகக் கிடைக்கும் அனுமதி, அடிபட்ட ஒரு மாணவரின் முகத்துக்கும் கிடைக்குமா என்பதுதான் விவாதமாக வேண்டிய விஷயம்.

அந்த விவாதம் எழுந்தால் ஒரு குறை முன்கூட்டியே தெரிகிறது. சத்ய நிகேதன் மாடி அறைகளில் இருப்பவர்களில் பலருக்கு வாக்கு சொந்த ஊரில்தான். வார்டு உறுப்பினர் அவர்கள் வாசலுக்கு வரத் தேவையில்லை. தில்லித் தமிழர்களுக்கு இது புரியாத நிலை அல்ல. தெற்கிலிருந்து வந்த அனைவரையும் மதராசி என்று ஒரே சொல்லில் அடக்கிய ஊரில் பள்ளி கட்டி, சங்கம் நடத்தி, வாக்காளர் பட்டியலில் இடம்பிடித்து, மெல்ல மெல்லக் குரல் பெற்றவர்கள் அவர்கள். வடகிழக்கு மாணவர்களின் மனு வார்டு அலுவலகத்துக்கு வரும் நாளில் அதில் முதல் கையெழுத்து மோதி பாக் தமிழர்களுடையதாக இருக்கலாம். மூங்கில் குருத்துக்குச் சொன்ன குறையைச் சாம்பாருக்கும் கருவாட்டுக்கும் கேட்டவர்கள் அந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள்.