எல்லாக் கருவிக்கும் ஒரு மின்னேற்றி

என் மேசை இழுப்பறையில் 11 மின்னேற்றிகள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை, முனை பொருந்தியது கண்டு, ஒரு நாள் என் சிறு வானொலிப் பெட்டியில் மாட்டினேன். பெட்டிக்கு வேண்டியது 5 வோல்ட்டு. சென்றதோ 12 வோல்ட்டு. சிறிது புகை எழுந்தது, பெட்டி ஊமையாயிற்று. முனை பொருந்தினால் போதாது, அளவும் பொருந்த வேண்டும் என்று அன்று கற்றேன். பொது மின்னேற்றியின் வரலாறும் இப்பாடத்தின் வரலாறே எனலாம்.

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே, திரும்பத் திரும்ப மின்னேற்றத்தக்க ஈய அமிலக் கலத்தை அமைத்தார். 1899இல் சுவீடன் நாட்டு யுங்னர் நிக்கல் காட்மியம் கலத்தைப் படைத்தார். லித்தியம் அயனிக் கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொன்றும் மின்னை ஏற்கும் முறை வேறு. நிக்கல் கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1.2 வோல்ட்டு. லித்தியம் கலத்தையோ வழக்கமாக 4.2 வோல்ட்டில் நிறுத்தியாக வேண்டும். மீறினால் தீப்பற்றவும் கூடும். ஆகவே கருவிதோறும் தனி மின்னேற்றி தோன்றிற்று.

இச்சிக்கலை அவிழ்த்தவை இரண்டு. கலத்தைக் காக்கும் பொறுப்பு கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டது. மின்னேற்றி மின்சாரம் வழங்கினால் போதும் என்றாயிற்று. அடுத்து, இரும்பு உள்ளகம் கொண்ட கனத்த மின்மாற்றிக்கு மாறாக, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுற்று வந்தது. அதனால் மின்மாற்றி சிறுத்தது. வெப்பமாக வீணாகும் ஆற்றலும் குறைந்தது.

எஞ்சியது மனிதரின் உடன்பாடே. 2006இல் சீனா கைப்பேசி மின்னேற்றிகளுக்குப் பொதுத் தரம் வகுத்தது. 2009இல் ஐரோப்பாவில் கைப்பேசி நிறுவனங்கள் தாமே முன்வந்து ஒப்பந்தம் செய்தன. ஆயினும் வேற்றுமை முற்றும் நீங்கவில்லை. 2014இல் எப்பக்கமும் செருகத்தக்க யூஎஸ்பி ‘சி’ முனை வெளிவந்தது. அதற்கான மின்வழங்கு நெறியில், மின்னேற்றி முதலில் 5 வோல்ட்டே தருகிறது. தன்னால் இயன்றவற்றை அறிவிக்கிறது. கருவி கேட்ட பின்னரே 9, 15, 20 வோல்ட்டு என உயர்த்துகிறது. அன்று என் வானொலியிடம் எவரும் இவ்வாறு கேட்டாரில்லை!

பயனற்ற மின்னேற்றிகளால் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் கழிவு சேர்வதாக ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. 2022இல் சட்டம் பிறந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய கைப்பேசிகளுக்கு இம்முனை கட்டாயமாயிற்று.

மாணவர்களே, அறிவியல் வழிகாட்டிய பின்னும் உடன்பாட்டுக்கு நெடுங்காலம் சென்றது. உங்கள் வீட்டு இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அத்தாமதத்தின் விலை அங்கே கிடக்கும்.