04175: நிரலுக்கு ஆட்படும் வலையமைப்பின் முன்வரலாறு

நிரல் எழுதி இயக்கத்தக்க கணினி வலையமைப்புகளின் வரலாற்றுக்கு நிக் ஃபீம்ஸ்டர், ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட், எலன் செகுரா ஆகிய மூவரும் 2013 இறுதியில் வெளியிட்ட கட்டுரையே இன்று அடிப்படை. அது மூன்று கட்டங்களை வகுக்கிறது: 1990களின் நடுவில் எழுந்த ஆக்டிவ் நெட்வொர்க் ஆய்வுகள்; 2001 முதல் 2007 வரை கட்டுப்பாட்டையும் தரவு கடத்தலையும் பிரித்த முயற்சிகள்; அடுத்து ஓப்பன்ஃப்ளோ நெறிமுறை. தொலைபேசி அதன் முன்னுரையில் போகிற போக்கில் வந்து போகிறது. தனிக் கட்டம் என்ற தகுதி அதற்குக் கிடைக்கவில்லை. இந்தக் காலவரிசையை நான் ஏற்கவில்லை.

திருவண்ணாமலை விடுதிப் பலகைகளில் காணும் 04175 என்ற எஸ்.டி.டி. குறியீட்டைச் சான்றாகக் கொள்ளலாம். வேலூர் 0416, ராணிப்பேட்டை 04172, ஆரணி 04173, வாணியம்பாடி 04174, அடுத்து இது. வரிசை பழைய வட ஆர்க்காட்டை அப்படியே காட்டுகிறது. ஆகவே 1989இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பே குறியீடு வந்துவிட்டது எனத் தோன்றும். ஆனால் பிரிவினைக்குப் பின்னும் வேலூர் தொலைத்தொடர்பு மாவட்டம் திருவண்ணாமலையை உள்ளடக்கியே இருந்தது. எனவே வரிசையை மட்டும் வைத்துக் காலம் கணிப்பது பிழை. நமக்கு முக்கியமானது வேறு. இங்கே வழி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பகம் இலக்கங்களைப் படித்துத் தடத்தைத் தேர்கிறது. இந்த முறையில் புதிய சேவை ஒன்று வேண்டுமானால் இணைப்பகம் இணைப்பகமாக மாற்றம் செய்ய வேண்டும்.

இதற்கு மாறாக, இந்தியாவில் 1600 எனத் தொடங்கிப் பின்பு 1800 ஆன கட்டணமில்லா எண்ணில் ஊரே இல்லை. இணைப்பகம் அழைப்பை நிறுத்திவைத்து, சமிக்ஞைத் தடம் வழியே மையத் தரவுத்தளத்தைக் கேட்கிறது. விடையாக வரும் உண்மையான எண்ணுக்கு இணைக்கிறது. அமெரிக்காவில் ஏ.டி.&டி. 1981இலேயே இதைச் செய்தது. அறியாத பொட்டலம் வந்தால் கட்டுப்படுத்தி என்னும் மைய மென்பொருளைக் கேட்கும் ஓப்பன்ஃப்ளோ சுவிட்சு செய்வதும் இதுதான். 2011 ஜனவரி 20 அன்று இந்தியா எங்கும் வந்த மொபைல் எண் மாற்றுச் சேவையும் இதே ஏற்பாட்டில்தான் நின்றது: சந்தாதாரர் நிறுவனம் மாறினாலும் எண் மாறவில்லை, தரவுத்தளத்தின் பதிவுதான் மாறியது.

தொலைபேசியின் நிரல் உரிமையாளர் கையில் பூட்டிக் கிடந்தது, வெளியார் அதைத் தொட முடியவில்லை என்ற மறுப்பு வலுவானது. ஆனால் அது உரிமை பற்றியது, அமைப்பு பற்றியது அன்று. கருவி தயாரிப்பாளரைச் சாராத சேவை நிரலை 1990களின் தொடக்கத்திலேயே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யூ.) தரங்கள் இலக்காக வைத்திருந்தன. ஒற்றுமை இருப்பதால் மட்டும் மரபுத் தொடர்ச்சி ஆகிவிடாது என்பது இரண்டாவது மறுப்பு. நேரடிச் சான்று மெலிந்ததுதான். இருந்தும், வழித்தேர்வை ரவுட்டரிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற 2004ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ரெக்ஸ்ஃபோர்டும் ஒருவர். அப்போது அவர் பணியாற்றியது ஏ.டி.&டி. ஆய்வகத்தில். 1981இன் தரவுத்தளத்தை இயக்கிய அதே நிறுவனத்துக்குள் இந்த எண்ணம் தொலைபேசியின் வாடையே படாமல் முளைத்தது என்பதை நிறுவும் சுமை மூவர் பக்கமே இருக்கிறது. அதுவரை முதல் கட்டத்தின் தொடக்கத்தை 1990களின் நடுவில் வைப்பதற்கு இடமில்லை. அது குறைந்தது 1981க்குப் போக வேண்டும்.