சத்தம் விற்ற தேள்: அபார்த் சைலன்சரின் கதை

சைலன்சர் என்ற பெயரே கொஞ்சம் வேடிக்கையானது. சத்தத்தை அடக்குவதற்காக வண்டிக்கு அடியில் மாட்டும் பொருள் அது. ஆனால் கார் வாங்கிய இளைஞர்கள் பலர் கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வேறொன்றைத் தேடுவது சத்தம் வர வேண்டும் என்பதற்காகத்தான்! ஸ்போர்ட்டியான ஒரு செடானுக்கு எந்த சைலன்சர் பொருத்தலாம், பொருத்தினால் பவர் கூடுமா, அல்லது வெறும் சத்தம்தானா என்ற வாதங்கள் இன்றும் ஓயவில்லை. இந்த வாதத்திலிருந்தே ஒரு பெரிய வியாபாரத்தைக் கட்டி எழுப்பிய மனிதர் ஒருவர் 1950-களில் இத்தாலியில் இருந்தார். பெயர் கார்லோ அபார்த்.

1908 நவம்பர் 15-ஆம் தேதி வியன்னாவில் பிறந்தபோது அவர் கார்ல். இத்தாலியில் குடியேறிய பின் கார்லோ ஆனார். இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1934-இல் சைடுகார் பொருத்திய மோட்டார் சைக்கிளில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டி போட்டு ஜெயித்த ஆசாமி! பிறகு நடந்த ஒரு பெரிய விபத்து அவரது பந்தய வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டூரின் நகரத் தொழிலதிபர் பியரோ டுசியோ நடத்திய சிசிடாலியா என்ற பந்தயக் கார் கம்பெனியில் சேர்ந்தார். டுசியோவின் கனவு பெரியது. போர்ஷே குழுவினரிடம் கிராண்ட் பிரி கார் ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, பணத்தையெல்லாம் அதில் கரைத்துவிட்டு, கடைசியில் அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். அபார்த்தின் கையில் மிஞ்சியது சில பந்தயக் கார்களும் உதிரி பாகங்களும்தான். அவற்றை வைத்துக்கொண்டு 1949 மார்ச் 31 அன்று பொலோனியா நகரில் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். விருச்சிக ராசிக்காரர் என்பதால் தேளைச் சின்னமாக வைத்தார். கொஞ்ச காலத்தில் கம்பெனி டூரினுக்கு இடம் மாறியது.

பந்தயத்தில் பெயர் சீக்கிரமே கிடைத்தது. 1950 ஏப்ரல் 10 அன்று இத்தாலியின் மாபெரும் பந்தய வீரர் டாசியோ நுவோலாரி, பலெர்மோ அருகே மலையேற்றப் பந்தயம் ஒன்றில் அபார்த் காரை ஓட்டித் தன் பிரிவில் முதலிடம் பிடித்தார். அது அவருடைய கடைசிப் பந்தயம். ஆனால் பெயரை வைத்துத் தொழிலாளிக்குச் சம்பளம் போட முடியுமா? டுசியோ மூழ்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அபார்த். பந்தயம் இல்லாத நாளிலும் விற்கக்கூடிய ஒரு சரக்கு அவருக்குத் தேவைப்பட்டது.

அவர் தேர்ந்தெடுத்தது சைலன்சர். சரியான தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும். காரணம், அந்தக் காலத்து சைலன்சர் கண்டிப்பாகக் கெட்டுப்போகும்! பெட்ரோல் எரியும்போது நீராவியும் சேர்ந்து வெளியேறுகிறது. வீட்டிலிருந்து கடைக்கும் ஆபீசுக்கும் போய்வரும் குட்டிப் பயணங்களில் குழாய் முழுதாகச் சூடாவதில்லை. நீர் உள்ளேயே தங்கி, புகையில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து சாதாரண இரும்புத் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். ஆகவே கார் வைத்திருப்பவர் என்றாவது ஒரு நாள் புது சைலன்சர் வாங்கியே ஆக வேண்டும். அபார்த் அவரிடம் கேட்டது ஒரு புதிய செலவை அல்ல. எப்படியும் செய்யப்போகும் செலவோடு இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்பதுதான். வீட்டில் அனுமதி வாங்குவதும் சுலபம் அல்லவா?

பொருளிலும் வித்தியாசம் இருந்தது. சாதாரண சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுப்புத் தகடுகள் இருக்கும். புகை அவற்றில் முட்டித் திரும்பி, வளைந்து, களைத்துப்போய் வெளியே வரும். சத்தம் அடங்கும், ஆனால் புகை வெளியேறுவதும் தடைபடும். அபார்த் முறையில் புகை நேராகவே போகிறது. நடுவில் ஓட்டைகள் போட்ட ஒரு குழாய், அதைச் சுற்றி கண்ணாடி இழை, அதற்கு மேல் உறை. காதைக் குத்தும் கீச்சுச் சத்தத்தைக் கண்ணாடி இழை விழுங்கிவிடும். கனமான அடித்தொண்டைச் சத்தம் மட்டும் வெளியே வரும். உறைக்கு மங்கலான கறுப்பு வண்ணம், வால் முனைக்குப் பளபளக்கும் குரோமியம். பின்னால் வருகிற வண்டிக்காரர் கண்ணில் படுவது அதுதானே!

சரி, பவர் கூடியதா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1955-இல் வந்த ஃபியட் 600 காரின் என்ஜின் 633 சிசி, சுமார் 21 குதிரைத்திறன். இவ்வளவு சின்ன என்ஜின் வெளியேற்றும் புகையும் குறைவு. சைலன்சரை மட்டும் மாற்றினால் அதிசயம் எதுவும் நடந்துவிடாது. குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகையின் வேகம் குறைந்து, மெதுவாகப் போகும்போது இழுவை கூடக் குறையலாம். அதனால்தான் "எந்தக் காருக்கும் பொருந்தும்" என்கிற குழாயை விட, அந்தந்த மாடலுக்கென்றே செய்த குழாய் மேல். அபார்த் அப்படித்தான் ஃபியட், லான்சியா, ஆல்ஃபா ரோமியோ, போர்ஷே என்று தனித்தனியாகச் செய்தார். (நம்மூர் பிரீமியர் பத்மினியின் மூதாதையான ஃபியட் 1100-க்கும் அபார்த் சைலன்சர் உண்டு.)

உண்மையான பவர் வேண்டுமென்றால் கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட், அழுத்த விகிதம், சிலிண்டர் கொள்ளளவு எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். அபார்த்துக்கு இது தெரியாதா? அதையும் அவரே விற்றார்! தேவையான பாகங்கள் அத்தனையும் அடுக்கிய மரப்பெட்டி ஒன்று. அதை வாங்கினால் ஃபியட்டை அபார்த்தாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் மேலே முழுக் கார். ஃபியட் 600-இன் அதே உடம்பில் 1961-இல் வந்த அபார்த் 850 டி.சி. காரின் திறன் 52 குதிரைத்திறன், அதாவது பழைய 600-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆல்ஃபா ரோமியோ ஜூலியட்டா மாதிரியான வேகமான செடான் வாங்க வசதியில்லாத சம்பளக்காரர் முதல் படியில் சைலன்சரோடு நின்றுகொள்ளலாம், முடிந்தால் அடுத்த படி ஏறலாம். சத்தத்தை மட்டும் விற்று ஏமாற்றினார் என்று அபார்த்தைச் சொல்ல முடியாமல் போவது இந்த ஏணியால்தான். மேல்படிகள் நிஜமாகவே இருந்தன.

ஏணிக்கு விளம்பரம் பந்தய மைதானத்தில் நடந்தது. 1957-இல் வெளியான குட்டி ஃபியட் 500, 13 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. ஆரம்பத்தில் விற்பனையும் மந்தம். 1958 பிப்ரவரியில் அபார்த் அதில் ஒன்றை மாற்றியமைத்து மொன்சா பந்தய மைதானத்தில் இரவும் பகலுமாக ஏழு நாட்கள் ஓடவிட்டார். 168 மணி நேரத்தில் 18,186 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர். இதெல்லாம் ஃபியட்டுக்கும் விளம்பரம்தான். அதனால் ஜெயித்த பந்தயங்களுக்கும் படைத்த சாதனைகளுக்கும் ஏற்ப அபார்த்துக்கு ஃபியட் பணம் கொடுக்கும் ஏற்பாடு உருவானது.

ஆக சைலன்சர் விற்ற பணம் பந்தயத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் கிடைத்த வெற்றி திங்கட்கிழமை சைலன்சரை விற்றது. 1962 வாக்கில் உற்பத்தி இரண்டரை லட்சம் சைலன்சர்களைத் தாண்டியது என்றும், அதில் 65 சதவீதம் ஏற்றுமதி என்றும் கம்பெனியின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. நேரில் பந்தயக் காரையே பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் அந்தத் தேள் போய்ச் சேர்ந்தது.

மனிதரின் பிடிவாதத்துக்கு ஒரு உதாரணம். 1965-இல் குறுகலான சாதனைக் கார் ஒன்றில் உட்கார இடம் போதவில்லை என்பதற்காக, ஆப்பிளை முக்கிய உணவாக்கி 30 கிலோ எடை குறைத்தார். அப்போது அவருக்கு 57 வயது நெருங்கிக்கொண்டிருந்தது!

ஆனால் பந்தயச் செலவு சைலன்சர் லாபத்தை விட வேகமாக வளர்ந்தது. 1971-இல் கம்பெனி ஃபியட்டிடம் கைமாறியது. அபார்த் பெயர் தாங்கிய ஃபியட் 131, அதாவது ஒரு செடான், 1977, 1978, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக ராலி சாம்பியன் பட்டத்தை வென்று கொடுத்தது. கார்லோ அபார்த் 1979 அக்டோபர் 24-இல் காலமானார்.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. சத்தத்துக்கும் புகைக்கும் சட்டம் வந்தது. மாற்று சைலன்சர்களுக்கென்றே ஐ.நா. ஒழுங்குவிதி 59 இருக்கிறது. ஐரோப்பாவில் சாலையில் ஓட்ட வேண்டுமென்றால் சைலன்சரில் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தெருவில் நல்ல பிள்ளையாகவும் வேகத்தில் சிங்கமாகவும் இருக்க வேண்டுமே, என்ன செய்வது? அதற்கு வந்த வழிதான் வால்வு. 2008-இல் மறுபிறவி எடுத்த அபார்த் 500 காருக்கான "ரெக்கார்ட் மொன்சா" சைலன்சரில், என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றைத் தாண்டும்போது புகையின் அழுத்தத்தால் வால்வு திறந்து பழைய உறுமல் வெளியே வரும்.

2022-இல் அபார்த் தன் முதல் மின்சாரக் காரை அறிமுகப்படுத்தியது. அதில் வெளியே கேட்கும்படி ஒரு ஒலிபெருக்கி பொருத்தலாம். பெட்ரோல் அபார்த்தின் ரெக்கார்ட் மொன்சா உறுமலை அதில் கொண்டுவர 6,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததாக நிறுவனம் சொன்னது. அந்தக் காரில் சைலன்சரே கிடையாது.