ஏற்புரை என்னும் சபை மரபு

டொரொன்டோ மாநகரத்துக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் இருக்கும் அஜக்ஸ் என்னும் ஊர், நம்முடைய பழைய ஊர்களைப் போல ஒரு கோயிலைச் சுற்றியோ குளத்தைச் சுற்றியோ வளர்ந்ததன்று. இரண்டாம் உலக மகாயுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1941ஆம் ஆண்டில், பீரங்கிக் குண்டுகளில் வெடிமருந்து நிரப்புவதற்கென்று டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரீஸ் லிமிடெட் என்னும் நிறுவனம் அங்கே ஒரு தொழிற்சாலையை நிறுவ, அதில் வேலைசெய்வதற்காகக் கனடா தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான தொழிலாளருக்காக, விளைநிலங்களின் நடுவே அவசரமாக எழுந்த ஊர் அது. அத்தொழிலாளருள் பெரும்பாலோர் பெண்கள். யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 4 கோடி குண்டுகள் அவர்கள் கைகளால் நிரப்பப்பட்டன. ஊருக்குப் பெயர் வேண்டியிருந்தபோது, 1939 டிசம்பர் 13ஆம் தேதி தென்னமெரிக்காவின் பிளேட் நதிமுகத்துக்கு அப்பால் கிராஃப் ஸ்பே என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலோடு பொருத அஜக்ஸ், அக்கிலீஸ், எக்ஸிட்டர் என்னும் மூன்று கப்பல்களுள் முதலாவதன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அப்போரை நடத்திய ஹார்வுட் என்னும் தளபதியின் பெயரை ஊரின் பிரதான வீதி தாங்கி நிற்கிறது. கப்பலில் பணிபுரிந்த மாலுமிகளின் பெயர்களையும் ஊரார் தம் தெருக்களுக்கு இட்டு வந்திருக்கிறார்கள். புகழ்பெற்றோரை மாத்திரமன்றிச் சாதாரண மாலுமியையும் தெருவின் பெயரால் கௌரவிக்கும் அந்த நல்ல வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கப்பலுக்கு அப்பெயர் வந்தது கிரேக்க புராணத்திலிருந்து. ட்ராய் யுத்தத்திலே அக்கிலீஸ் மாண்டபின், அவனுடைய கவசத்தையும் ஆயுதங்களையும் எஞ்சிய வீரருள் சிறந்தவன் ஒருவனுக்குப் பரிசாக அளிப்பதென்று தீர்மானித்தார்கள். அஜக்ஸும் ஒடிசியஸும் சபையில் எழுந்து தத்தம் தகுதியை எடுத்துரைத்தார்கள். போர்க்களத்தில் மலைபோல் நின்ற அஜக்ஸுக்கு நாவன்மை போதவில்லை. பரிசு ஒடிசியஸுக்குப் போயிற்று. அவமானம் தாளாமல் சித்தங்கலங்கிய அஜக்ஸ், பகைவர் என்று எண்ணி ஆட்டு மந்தைகளை வெட்டி வீழ்த்தினான். தெளிவு வந்ததும் தன் வாளின்மேலேயே வீழ்ந்து உயிர்விட்டான். சோஃபக்ளிஸ் இதனை நாடகமாக்கினார். சபையில் நிகழ்ந்த அந்த வாதப் பிரதிவாதத்தை ஓவிட் விரிவாகப் பாடினார். பரிசு கிடையாதவனுடைய துயரம் இவ்வாறு உலக இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. பரிசு கிடைத்தவன் சபை நடுவே எப்படி நிற்க வேண்டும், எதைப் பேச வேண்டும் என்பதோ, நம்முடைய பழைய ஏடுகளில் மிகுந்த நுட்பத்தோடு ஆராயப்பட்டிருக்கும் விஷயம்.

சங்ககாலத்துப் புலவர்களுள் பெருஞ்சித்திரனார் என்பவர் வறுமையை நன்கு அறிந்தவர். அவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றபோது, அரசன் அவரை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். வீட்டிலே பசித்திருக்கும் மனைவி மக்களை உடைய ஒருவர் அப்பொருளைப் பெற்றுக்கொண்டு திரும்பியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ, என் கல்வியைக் கண்டறியாமல் கொடுக்கும் பொருளை வாங்கிச் செல்வதற்கு நான் வணிகன் அல்லேன், தகுதியை அறிந்து தினையளவு தந்தாலும் அதுவே எனக்கு இனிது என்ற கருத்துப்படப் பாடி மறுத்துவிட்டார். அதே புலவர் குமணன் என்னும் வள்ளலிடம் பெரும்பொருள் பெற்று வீடு திரும்பியபோது தம் மனைவிக்குச் சொன்ன பாட்டு, புறநானூற்றில் 163ஆம் பாட்டாக இருக்கிறது. உன்னை விரும்பி வந்தவர்க்கும், நீ விரும்புகின்றவர்க்கும், நம் பசிக்காலத்தில் கடன் தந்து உதவியவர்க்கும், இன்னார் இனியார் என்று பாராமலும், என்னைக் கேட்க வேண்டும் என்று நினையாமலும், நாளைக்கு வேண்டும் என்று சேமித்து வைக்காமலும் எல்லோர்க்கும் கொடு. இது குமணன் தந்த வளம் என்று அவர் கூறுகிறார். கொடுத்தவனுடைய பெயரும், தமக்கு முன்பு உதவியவர்களுடைய கடனும், இனிப் பெறப்போகிறவர்களுடைய உரிமையும் அச்சிறு பாட்டில் ஒருங்கே இடம்பெற்றுவிட்டன. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் ஏற்புரைகளுள் இதற்கு மேலான ஒன்றை நான் கண்டதில்லை. மறுப்பதற்குரிய பரிசிலை மறுத்த ஒருவர் பேசுவதனாலேயே, ஏற்றுக்கொண்ட பரிசிலைப் பற்றி அவர் கூறும் வார்த்தைகளுக்கு அத்தனை கனம் உண்டாகிறது.

பிற்காலத்துக் காவியங்களில் அவையடக்கம் என்ற சம்பிரதாயம் ஏற்பட்டது. கற்றோர் சபையிலே தம்மைச் சிறியராக வைத்துக் கவிகள் பாடினார்கள். கம்பருடைய அவையடக்கத்தை அறியாதவர் இல்லை. ஆனால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது ஒன்றே விநயம் ஆகிவிடாது என்பதையும் நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். வள்ளுவர் அவையறிதலை ஓர் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை அடுத்த அதிகாரமாகவும் வைத்தது அதனாலேயே. இன்னார் முன் நிற்கிறோம் என்ற உணர்வும், அவர் முன் நாக்குழறாமல் பேசும் திடமும் ஆகிய இரண்டும் கூடியபோதுதான் ஏற்புரை சபைக்குரியதாகிறது.

மேடையில் நின்று உரைநடையில் நெடுநேரம் பேசும் இன்றைய வழக்கமோ அவ்வளவு பழமையானதன்று. அதன் தோற்றத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பீட்டர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாகப் பைபிளைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஆறுமுகநாவலர், கிறிஸ்தவப் பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கவனித்து, அம்முறையையே சைவத்துக்கு ஆக்கிக்கொண்டு, 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். இரண்டு ஆண்டுகளுக்குள் திருவாவடுதுறை ஆதீனம் அவருடைய வாக்கு வன்மையை மெச்சி நாவலர் என்ற பட்டத்தை வழங்கிற்று. பேச்சுக்காகவே ஒருவருக்குப் பட்டம் கிடைத்து, அப்பட்டமே அவருடைய இயற்பெயரினும் மேலாக நிலைத்துவிட்ட செய்தி இது. அஜக்ஸில் இன்று மேடையேறும் யாழ்ப்பாணத்து மனிதர், தாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அந்த வண்ணார்பண்ணைப் பிரசங்கத்தின் வாரிசாகவே ஒலிவாங்கியின் முன் நிற்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் சென்னைச் சங்கீத சபைகள் ஓர் அரிய வழக்கத்தை வளர்த்தன. விருதுக்குரியவரை வருடாந்தர மாநாட்டுக்குத் தலைவராக்கி, அவர் வெறும் நன்றி கூறி அமர்ந்துவிடாமல், தம் கலையைப் பற்றி விரிவாகத் தலைமையுரை நிகழ்த்தும்படி செய்தன. அவ்வாறு பிறந்த உரைகளுள் தலைசிறந்தது, 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்கத்தின் மாநாட்டில் நாட்டியக் கலைஞர் த. பாலசரசுவதி ஆற்றியது. பரதநாட்டியக் கச்சேரியின் அமைப்பை அவர் ஒரு கோயிலின் அமைப்போடு வைத்து விளக்கினார். அலாரிப்பாகிய கோபுரத்தைக் கடந்து, ஜதிஸ்வரமாகிய அர்த்தமண்டபத்தையும் சப்தமாகிய பெருமண்டபத்தையும் தாண்டி, வர்ணத்தின் வழியே சந்நிதியை நெருங்கி, பதங்களில் கர்ப்பக்கிருகத்தின் குளிர்ந்த மோனத்தை அடைந்து, தில்லானாவில் கற்பூர ஆரத்தி கண்டு, முடிவில் பாடும் சுலோகத்தில் தெய்வத்தை நெஞ்சில் ஏந்தித் திரும்புகிறான் பக்தன் என்றார். தேவதாசி மரபில் பிறந்து, தம் குலத்தின் கலையைச் சமூகம் இழித்துரைத்த காலத்தையும் அதையே பின்னர் உயர்ந்தோர் தமதாக்கிக்கொண்ட காலத்தையும் கண்டிருந்த அந்த அம்மையார், தமக்கு நேர்ந்த அநீதிகளைப் பட்டியலிட்டிருந்தால் கேட்டவர் தலைகுனிந்திருப்பர். அவர் தம்மை விட்டுவிட்டுக் கலையின் கட்டமைப்பைப் பேசினார். அதுவே அவரது கட்சிக்கு அசைக்க முடியாத நிரூபணம் ஆயிற்று. இன்று பரதநாட்டியத்தைப் பற்றி எழுதுவோர் அந்த உரையை எடுத்தாளாமல் எழுதுவது அரிது.

மனத்தாங்கலை மேடையில் கொட்டிவிட்ட மகான்களும் உண்டு. 1913இல் நோபல் பரிசு பெற்ற தாகூர், ஸ்டாக்ஹோமுக்குத் தந்திமூலம் அனுப்பிய செய்தி, தொலைவிலிருப்பதை அண்மையாக்கி அந்நியனைச் சகோதரனாக்கிய பரந்த உள்ளத்துக்கு நன்றி கூறும் கருத்தோடு, அழகே உருவாய் அமைந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், தம்மைப் பாராட்டவென்று கல்கத்தாவிலிருந்து விசேஷ ரயிலில் சாந்திநிகேதனம் வந்திறங்கிய பெருங்கூட்டத்தின் முன், அயல்நாடு மெச்சிய பிறகு எழுந்த இப்புகழ்ச்சியைத் தம்மால் மனமாரப் பருக இயலாது என்று கசப்போடு கூறிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வந்தவர்களுள் உண்மை அன்பர்களும் இருந்தனர் என்பதே குறை. எழுபது ஆண்டுகள் கழித்து, 1983இல் ஸ்டாக்ஹோம் விருந்தில் எழுந்து நின்ற தமிழ்க் குடும்பத்து விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர், அச்சமற்ற உள்ளத்தைப் பற்றித் தாகூர் இயற்றிய பிரார்த்தனையைத் தம் ஏற்புரையில் எடுத்துச் சொன்னார். தமக்குக் கிடைத்த கௌரவத்தின் நடுவே முன்னோர் ஒருவரின் வாக்குக்கு இடங்கொடுப்பதும் பெருஞ்சித்திரனார் காட்டிய வழிதான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் கனடாவுக்கு வந்து, முதலில் ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர், காலப்போக்கில் மார்க்கம், பிக்கரிங், அஜக்ஸ் என்று பரவினார்கள். வந்தவர் தம்மோடு சபை மரபையும் கொண்டுவந்தனர். 2001இல் அ. முத்துலிங்கம், டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் முதலியோர் முயற்சியால் தமிழ் இலக்கியத் தோட்டம் தோன்றி, வாழ்நாள் சாதனைக்கான இயல் விருதை வழங்கத் தொடங்கிற்று. முதல் விருது சுந்தர ராமசாமிக்கு. பின்வந்த ஆண்டுகளில் அம்பை, ஐராவதம் மகாதேவன், ஜெயமோகன் முதலியோரும், தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கிய இ. மயூரநாதனும் அதைப் பெற்றனர். 2013ஆம் ஆண்டு விருது டொமினிக் ஜீவாவுக்கு. யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில்செய்த குடும்பத்தில் பிறந்து, சாதியின் அவமதிப்பை நேரே அனுபவித்து, மல்லிகை என்ற சஞ்சிகையை 1966 முதல் பல்லாண்டுகள் தம் தோளிற் சுமந்த அவருக்கு, அதே யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் கூடிய ஓர் அமைப்பு மரியாதை செய்ததைச் சமூக சரித்திரத்தில் குறித்துவைக்க வேண்டிய செயலாகவே கருதுகிறேன். பிறரை இவ்வாறு கௌரவிப்பதில் முன்நின்ற கனகநாயகம், கனடாவின் ராயல் சொசைட்டி தமக்கு அளித்த கௌரவத்தைப் பெறச் சென்றிருந்த கியூபெக் நகரிலேயே, 2014 நவம்பரில் காலமானார்.

இவை பெரிய மேடைகள். அஜக்ஸிலும் அயலூர்களிலும் சனிக்கிழமை மாலைகளில் நிகழும் பழைய மாணவர் சங்க விழாக்களும், தை மாதத்துத் தமிழ் மரபுத் திங்கள் வைபவங்களும் இவற்றினும் எண்ணிக்கையில் மிகுந்தவை. மங்கல விளக்கேற்றி, கனேடிய தேசிய கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் பாடி, அகவணக்கம் செலுத்தி, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நடனங்கள் என்று நிகழ்ச்சி நிரல் நீண்டு, பொன்னாடையும் நினைவுக் கேடயமும் வழங்கி முடியும்போது மண்டபத்தின் நேரமும் முடிந்துவிடுகிறது. அத்தகைய ஒரு விழாவில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து அறிவித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கௌரவித்தார்கள். அவர் ஒலிவாங்கியின் அருகே சென்றபோது, "ரீச்சர், இரண்டு நிமிசத்தில முடியுங்கோ, பத்தரைக்கு ஹோலைக் குடுக்க வேணும்" என்று அறிவிப்பாளர் காதோடு சொன்னது முன்வரிசையில் இருந்த எங்களுக்கும் கேட்டது. அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை. பனிக்காலத்தில் தம்மைக் காரில் ஏற்றிச் சென்ற அயல்வீட்டுக்காரரையும், பாடத்தாள்களைத் தம் செலவில் பிரதி எடுத்துத் தந்த ஒரு தந்தையையும், விடுமுறை நாளிலும் வந்து பாடசாலைக் கதவைத் திறந்துவிட்ட இத்தாலிய இனத்துக் காவலாளியையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். சபையில் இருந்த மற்ற ஆசிரியர்களை எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்களுக்குக் கரகோஷம் கிடைக்கும்போதே தம் இடத்துக்குத் திரும்பிவிட்டார். கொடுத்த இரண்டு நிமிஷத்தில் அரை நிமிஷம் மிச்சமிருந்திருக்கும்.

அவருக்கு அரைமணி நேரம் கொடுத்திருந்தால், தமிழ் வகுப்புகள் அந்தப் பிரதேசத்தில் எப்படித் தொடங்கின, புத்தகங்கள் எங்கிருந்து வந்தன, முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தனர், எவர் எதிர்த்தனர், எவர் உதவினர் என்பவையெல்லாம் அவர் வாயிலிருந்தே நமக்குக் கிடைத்திருக்கும். எந்தப் பத்திரிகையிலும் ஏறாத அச்செய்திகள் அவருடைய நினைவில் மாத்திரமே இருக்கின்றன. ஆகவே, அஜக்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் விழா நடத்தும் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். வாழ்த்துரைகளைக் குறைத்து, ஏற்புரையை நிகழ்ச்சியின் நடுப்பகுதியில், சபை நிறைந்திருக்கும் வேளையில் வையுங்கள். விருது பெறுபவருக்கு ஒரு மாதம் முன்னதாகவே அறிவித்து, எழுதி வரும்படி கேளுங்கள். அவர் பேசுவதை முழுமையாக ஒலிப்பதிவு செய்து, எழுத்துப்படி ஒன்றையும் சேர்த்து, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள். எண்பது வயதைக் கடந்த பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வருகிற தை மாத விழாவிலேயே இதைத் தொடங்கலாம்.